நாற்பத்தோரு வினாடி

ஜூன் 9, திங்கள். சாயல்குடி

இந்த நோட்டை அலுவலகத்தில் கொடுத்தார்கள். இடது பக்கம் எண்கள், வலது பக்கம் குறிப்புகள் என்று இயக்குநர் சொல்லி அனுப்பினார். எண்கள் கொஞ்சம்தான் வரும். வலது பக்கம் வீணாகப் போகாமல் இருக்க என் பாட்டையும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் கண் அறக்கட்டளையின் வேன் ஊர் ஊராகப் போய்ச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் கண்ணைப் படம் எடுக்கிறது. விழித்திரையில் கசிவு இருக்கிறதா என்று வேனுக்குள் இருக்கும் கணினியே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். பச்சை வந்தால் வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் வந்தால் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சிவப்பு வந்தால் மதுரைக்கு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு.

இன்னும் பதினொரு வேன் வரப்போகிறது. அவற்றின் கணினிகளுக்கு எந்த பிராசசர் என்பதுதான் கேள்வி. ஒரே சாஃப்ட்வேர், ஒரே அளவு மெமரி, பிராசசர் மட்டும் வேறு என்று இரண்டு கணினிகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். ஒன்று வேகக்காரன். இன்னொன்று மெதுவாகப் போகும், ஆனால் கரண்டு கொஞ்சம்தான் குடிக்கும். மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து மாதக் கடைசிக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். போன வருடம் முதல் வேனுக்கு வேகக்காரனைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். கூட்டத்தில் எழுந்து நின்று, "இதுக்கு மேல ஒன்னு இந்த நாட்டுலயே இல்ல" என்று சொன்னேன். இருந்தாலும் அளவெடுப்பதில் இந்தத் தனுஷ்கோடி பாரபட்சம் பார்க்க மாட்டான்.

இன்றைய அளவு: ஒரு கண் படத்தைப் பார்த்து முடிக்க வேகக்காரனுக்கு ஆறு வினாடி, 147 வாட். மெதுவானதற்கு நாற்பத்தோரு வினாடி, 22 வாட். வாட்டையும் வினாடியையும் பெருக்கினால் முன்னது 882, பின்னது 902. அதாவது ஒரு கண்ணுக்குச் செலவாகும் மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகக்காரன் சட்டென்று முடித்துவிட்டு ஓய்வெடுக்கிறான். ஓய்வில் 33 வாட். மற்றது ஓய்வில் 6 வாட். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

மீட்டர் தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. அதில் எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி. எவன் வடிவமைத்தானோ.

படம் எடுக்கும் ரஹ்மத் நிஷா கீழக்கரைப் பெண். பெருநாள் முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்தாள். அவர்கள் ஊர் இனிப்பு, ஒரு டப்பா தொதல் கொண்டுவந்திருந்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். சரி, நான்கு.

என் மனைவி கலாராணி மதுரையிலிருந்து போன் பண்ணினாள். "மாத்திரை போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

மோசமான நாள். கருவேலங்குளத்தில் முகாம். வேகக்காரனின் முறை.

வேனில் கணினி, கேமரா, விளக்கு, மின்விசிறி எல்லாம் இரண்டு பெரிய பேட்டரிகளில் ஓடுகின்றன. இதுவரை போன ஊர்களில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து கரண்டு எடுத்தோம்; முழு நாளும் பேட்டரியிலேயே ஓட்டுவது இந்தச் சுற்றில்தான். வண்டி எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் ஏற்றலாம் என்றால் அந்த அதிர்வில் படம் கலங்கிவிடும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் நாலு பத்து வரை தாங்கும் என்பது என் கணக்கு. மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு எல்லாம் அணைந்தது. வெளியே பதினான்கு பேர் பாக்கி.

இருளாயி என்று ஒரு அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து ஊரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். "ஏப்பு, காலையில வந்தவுகளுக்கு மட்டுந்தான் கண்ணா? மத்தியானம் வந்தவுகளுக்கு எல்லாம் புண்ணா?" என்று கேட்டார். பெயர், ஊர் கேட்டு, அவர்கள் அட்டையைப் பார்த்துப் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு, திரும்ப வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.

பேட்டரிதான் செத்துவிட்டது என்று டிரைவர் சவேரியாரிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மூக்கையூர்க்காரர், முன்னால் கடலுக்குப் போனவர். வண்டியும் பேட்டரியும் அவர் பொறுப்பு.

"சார், மாசம் தவறாம தண்ணி ஊத்தி, முனையெல்லாம் தேச்சு, புள்ள மாதிரி வச்சிருக்கேன். எம்புள்ள மேல பழி போடாதீங்க. உங்க மாப்பிள்ளையப் பாருங்க."

"எந்த மாப்பிள்ளை?"

வேகக்காரனைக் காட்டினார். "வேலை செஞ்சாலும் செய்யாட்டியும் மாப்பிள்ளைக்குப் பலகாரம் போய்க்கிட்டே இருக்கணும். கை வச்சுப் பாருங்க, சும்மா இருக்கும்போதே சுடுது. இந்தச் சின்னது சித்தாள் மாதிரி. ஒரு சொம்பு கூழக் குடிச்சுட்டு அந்தி வரைக்கும் மண்ணு சுமக்கும்."

நிஷா சிரித்துவிட்டாள். அதிலிருந்து மாப்பிள்ளை, சித்தாள் என்றே பெயராகிவிட்டது. அறிக்கையில் அப்படி எழுத முடியாது.

ஜூன் 11, புதன்

சித்தாளின் நாள். நாலரை மணிக்கு முகாம் முடிந்த பிறகும் பேட்டரியில் மிச்சம் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நாற்பத்தோரு வினாடி! இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மாப்பிள்ளையைவிட ஒரு நிமிடம் பத்து வினாடி அதிகம். பனையேறும் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "என்ன தம்பி, கும்பகர்ணன எழுப்புறீகளா?" என்றார்.

"பாருங்க, மக்களே கேக்குறாங்க" என்றேன் நிஷாவிடம்.

"சார், அடுத்த ஆள உக்கார வச்சு ரெண்டு கண்ணையும் எடுக்க எனக்கே மூணு நிமிஷம் ஆகுது. அதுக்குள்ள இது முடிச்சிடுதே. இதனால யாரு காத்திருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் மட்டும்தான்.

ஜூன் 12, வியாழன்

பதநீர், மூன்று டம்ளர். பனையில் இறங்கியது, உடம்புக்குக் குளிர்ச்சி. கருப்பட்டியும் அப்படித்தான். வெள்ளைச் சீனிதான் கெடுதல்.

இந்த ஊர் வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறள்கிறது. லாட்ஜ் அறையின் பல்பு சரியில்லை. நோட்டின் கோடுகள்கூட அலையலையாக அச்சாகியிருக்கின்றன. கடைவீதியில் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கினேன். நாற்பத்தைந்து வயதானால் எல்லோருக்கும் வருவதுதான்.

ஜூன் 13, வெள்ளி

மாப்பிள்ளையின் நாள். மறுபடியும் மூன்று மணிக்கு அணைந்தது. ஆறு பேர் பாக்கி. பேட்டரியைக் கழற்றி ராமநாதபுரத்தில் சோதித்துக்கொண்டு வரச் சொன்னேன். சவேரியார் என்னுடன் பேசாமல் கழற்றினார்.

ஜூன் 14, சனி

பேட்டரி நன்றாக இருக்கிறதாம். கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சவேரியார் என் மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஸ்பேனரையும் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 16, திங்கள்

கலாராணி போனில், "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

வேலை அதிகம் என்றேன்.

"மாத்திரை?"

போட்டேன் என்றேன்.

ஆறு வருடமாக இருக்கிற சர்க்கரை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு நன்றாகக் குறைந்துவிட்டது. குறைந்த பிறகு எதற்கு மாத்திரை என்று நானே நிறுத்திவிட்டேன். இதையெல்லாம் வீட்டில் சொன்னால் வீண் கவலைப்படுவார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

கணக்கு ஏன் உதைக்கிறது என்று இன்று தெரிந்தது.

முகாம் தொடங்குவதற்கு முன் மாப்பிள்ளையைச் சும்மா ஓடவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஷா கேமரா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். "முப்பத்து மூணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"எண்பத்து மூணு சார்."

"எங்கே?"

"இதோ. எட்டு, மூணு."

"மூணு, மூணு."

அவள் குனிந்து பார்த்தாள். சவேரியாரையும் கூப்பிட்டாள். அவர் தூரத்திலிருந்தே, "எம்பத்து மூணு" என்றார். மீட்டரில் ஏதோ ஒரு கோடு சரியாக எரியவில்லை போலிருக்கிறது என்றேன். நிஷா என் கையிலிருந்த பேனாவை வாங்கி 83 என்று எழுதினாள்.

உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன். எங்கள் வேனில் ஒரு மணி நேரத்துக்கு இருபது பேர், நாற்பது கண். மாப்பிள்ளை உழைப்பது மணிக்கு நாலே நிமிடம். பாக்கி ஐம்பத்தாறு நிமிடமும் சும்மா உட்கார்ந்து 83 வாட் தின்கிறான். சித்தாள் பாதி நேரம் உழைக்கிறாள், பாதி நேரம் ஆறு வாட்டில் படுத்துக்கொள்கிறாள். 83 என்று வைத்துப் போட்டால் பேட்டரி சரியாக மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குத் தீர்கிறது.

வேகத்தில் குற்றம் இல்லை. சும்மா இருப்பதில்தான் குற்றம். சவேரியார் முதல் நாளே கை வைத்துப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்.

அவரிடம் போய், "உங்க புள்ள மேல தப்பில்ல" என்றேன். "அது எனக்குத் தெரியும் சார்" என்றார். ஆனால் டீ வாங்கி வந்தார்.

நிஷா மத்தியானம், கண்ணாடியை எந்த டாக்டரிடம் பார்த்து வாங்கினேன் என்று கேட்டாள். கடைவீதியில் என்றேன். சரி சார் என்று மட்டும் சொன்னாள். பிறகு நான் எழுதி வைத்திருந்த பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனாள். கருவேலங்குளத்துப் பதினான்கு பேரின் போன் நம்பர்களில் மூன்று தப்பாம். எல்லாம் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

ஜூன் 18, புதன்

மீட்டரை இனி நிஷாவே பார்க்கட்டும். எனக்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

ஜூன் 19, வியாழன்

இன்று போன ஊரில் ஒரு பெரிய காரியம். காலையில் யாரும் வரமாட்டார்கள், அடக்கம் முடிந்து மத்தியானம்தான் என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார். வேனைப் பள்ளிக்கூட மரத்தடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் மேளச் சத்தம்.

நிஷா வந்தாள். "சார், ரெண்டு மிஷினையும் பக்கத்துல வச்சு, ஒரே படத்த ஒரே நேரத்துல குடுத்துப் பாக்கலாமா? ரெண்டும் ஒரே பதிலச் சொல்லுதான்னு அறிக்கையில எழுதணும்ல?"

எழுதத்தான் வேண்டும். நல்ல யோசனை என்றேன்.

முதலில் சவேரியார் உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஆறு வினாடியில் பச்சை. சித்தாள் நாற்பத்தோரு வினாடியில் பச்சை. "கடல்ல காம்பஸ் இல்லாம போன கண்ணு சார் இது" என்று எழுந்தார்.

"அடுத்து சார்" என்றாள் நிஷா.

"நான் எதுக்கு? எனக்கு வெள்ளெழுத்துதான்."

"சக்கரை இருக்கவங்க கண்ணு ஒன்னாவது வேணும். இல்லன்னா ஒப்பிட்டதா ஆகாது."

"எனக்குச் சக்கரைன்னு யாரு சொன்னது?"

நிஷா என் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். காலையிலிருந்து அது மூன்றாவது. சவேரியார் மரத்தைப் பார்த்தார். இயக்குநருக்கு ஒரு போன் பண்ண வேண்டியிருக்கிறது என்று எழுந்தேன். எனக்கு முன்னால் சவேரியார் வேன் படியில் உட்கார்ந்துகொண்டார். வழிமறித்தார் என்று சொல்ல முடியாது. செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வெகு நேரம் சரிசெய்தார்.

உட்கார்ந்தேன். இந்த ஒரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் இந்த ஸ்டூலில் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். தாடை வைக்கும் இடம் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"பச்சைப் புள்ளியப் பாருங்க சார். கண்ண இமைக்காதீங்க."

வெளிச்சம் அடித்தது. வலது கண். படம் இரண்டு கணினிக்கும் போனது. நிஷா கடிகாரத்தை அழுத்தினாள்.

மாப்பிள்ளை ஆறு வினாடியில் சொல்லிவிட்டான். சிவப்பு.

சித்தாள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து வினாடி. பத்து நாளாக இதை வீண் என்று எழுதிக்கொண்டிருந்தவன், இன்றுதான் அதற்குள் உட்கார்ந்து பார்த்தேன். மின்விசிறி சுற்றுகிறது. வெளியே ஓர் ஆடு கத்துகிறது. திரையில் ஒரு நீலக் கோடு நத்தை மாதிரி நகர்கிறது. மாப்பிள்ளை அவசரக்காரன், எதையாவது விட்டிருப்பான், சித்தாள்தான் நிதானமாகப் பார்க்கும் என்று மனதுக்குள் வாதாடினேன். ஒரே சாஃப்ட்வேர், ஒரே படம், பதில் மாறவே மாறாது என்று எனக்குத் தெரியும். அதை ஏற்றியவனே நான்தான். தெரிந்தும், நிதானமாப் பாரு தாயி, நல்லாப் பாரு என்று வேண்டிக்கொண்டேன்.

சிவப்பு.

இடது கண்: மாப்பிள்ளை மஞ்சள். சித்தாள் மஞ்சள்.

"ரெண்டும் ஒரே பதில்தான் சார்" என்றாள் நிஷா மெதுவாக. "அத நான் எழுதிக்கிறேன். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க. அப்புறம் நாம பேசணும்."

பேசினோம். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. எத்தனை வருடம், என்ன மாத்திரை, எப்போது நிறுத்தியது என்று மற்றவர்களைக் கேட்பது போலவே வரிசையாகக் கேட்டாள். நானும் மற்றவர்களைப் போலவே முதல் தடவை பொய் சொன்னேன், இரண்டாவது தடவை உண்மையைச் சொன்னேன்.

"எட்டு மாசம்" என்றேன்.

"முன்னாலயே தெரியுமா உனக்கு?" என்றும் கேட்டேன்.

"எட்ட மூணுன்னு வாசிச்சீங்கள்ல, அன்னைக்கே. உங்கள எப்படி உக்கார வைக்கிறதுன்னுதான் ரெண்டு நாளா நானும் சவேரியார் அண்ணனும் பேசிக்கிட்டிருந்தோம்."

எனக்காக ஒரு சொம்பு பதநீர் காலையிலேயே வாங்கி வைத்திருந்தேன். அதைச் சவேரியார் எடுத்துக்கொண்டு போய்த் தானே குடித்துவிட்டார். "கீழ ஊத்த மனசு வரல சார்" என்றார்.

மத்தியானம் தொண்ணூறு பேர் வந்தார்கள். வேலை நடந்தது. படங்களை நிஷா மதுரைக்கு அனுப்பிவிட்டாள். திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ஜூன் 20, வெள்ளி

கலாராணியிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து ஒத்திகை. கடைசியில் அவளே போன் பண்ணினாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல" என்றேன். "எட்டு மாசமாப் போடல. கண்ணுல வந்திருக்கு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரி."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"கலா?"

"அலமாரியில, உங்க குளிர்ச் சட்டைக்குக் கீழ இருக்கு. பிரிக்காத அட்டை இருபத்துநாலு. ஒவ்வொரு மாசமும் எண்ணிப் பாக்குறேன்."

"தெரிஞ்சா எதுக்கு தினமும் கேட்ட?"

"என்னைக்காவது உண்மையச் சொல்லுவீங்கல்ல, அதுக்குத்தான். நான் அட்டைய எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டினா, போட்டுட்டு இன்னொன்ன மறைப்பீங்க. உங்களுக்குத் தெரியாதா உங்கள? ஆனா இவ்வளவு நாள் விட்டது என் தப்புதான்."

"உன் தப்பு இல்ல."

"சரி, அதையும் பாதியாப் பிரிச்சுக்கலாம். சாப்பிட்டீங்களா?"

ஜூன் 23, திங்கள். மதுரை

டாக்டர் மீனலோசனி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வலது கண்ணில் பார்வையின் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது. அதனால்தான் கோடு அலையாகத் தெரிந்தது, எட்டின் இடது பக்கம் காணாமல் போனது. நோட்டு சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. இடது கண்ணில் ஆரம்பநிலை.

"ஊசி போட்டா வீக்கம் வடியும். மாசம் ஒன்னுன்னு சில ஊசி. பார்வை பெரும்பாலும் திரும்பிடும், நல்ல நேரத்துல வந்திருக்கீங்க" என்றார். "ஆனா சர்க்கரைய நீங்கதான் பாத்துக்கணும். அதுக்கு என்கிட்ட ஊசி இல்ல."

பனையிலிருந்து வருவது பரவாயில்லையா என்று கேட்டேன். கலாராணி என் காலை மிதித்தாள்.

வியாழக்கிழமை முதல் ஊசி. கண்ணுக்குள். அதை இப்போது நினைக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அறிக்கை எழுதி முடித்தேன். எண்களை நிஷா போனில் வாசிக்க, கலாராணி சரிபார்த்தாள். தபால் ஆபீஸில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள், ஒரு புள்ளியைக்கூட விடமாட்டாள்.

பழைய எண்களைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு முதல் பக்கத்திலேயே எழுதினேன்: ஜூன் 9 முதல் 16 வரையான ஓய்வுநிலை அளவுகள் தவறு. அளந்தவரின் பார்வைக் குறைவால் 83 என்பது 33 என்று பதிவானது. பேட்டரிமீது எந்தக் குறையும் இல்லை.

முடிவு இப்படி: நாள் முழுக்க இடைவிடாமல் படங்கள் குவியும் மதுரை ஆஸ்பத்திரிக்கு, சுவரில் கரண்டு இருக்கும் இடத்துக்கு, வேகமான பிராசசர்தான் சிறந்தது. அதன் வேகத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஆள் வரும் வேனில், பேட்டரியில், மெதுவானதே நல்லது. அது நாளெல்லாம் நின்று கடைசி ஆளையும் பார்த்துவிட்டுத்தான் படுக்கும். போன வருடம் கூட்டத்தில் நான் சொன்னது தவறு.

கடைசி வரியை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

ஜூன் 25, புதன்

நிஷா போன். சித்தாளை வைத்துக்கொண்டு கருவேலங்குளத்துக்கு மறுபடி போனார்களாம். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இருளாயி அம்மாவுக்கு இரண்டு கண்ணும் பச்சை. "எனக்கு ஒன்னுமில்லன்னு எனக்கே தெரியும். நீங்க திரும்ப வாரீகளான்னு பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்தப் பதின்மூன்றில் இரண்டு சிவப்பு. இரண்டு பேரும் நாளைக்கே மதுரைக்கு வருகிறார்கள்.

இரண்டு சிவப்பு. மூன்று மணிக்கு அணைந்துபோனதில் இரண்டு சிவப்பு இருந்திருக்கிறது.

அறிக்கை நாளை பத்து மணிக்குக் கூட்டத்துக்குப் போகிறது. என் ஊசியும் பத்து மணிக்குத்தான்.

ஜூன் 26, வியாழன்

இன்று எழுதுவது கலாராணி. இவருக்கு வலது கண்ணில் கட்டு. இடது கண்ணையும் இன்று களைப்பாக்க வேண்டாம் என்று நான் நோட்டைப் பிடுங்கிவிட்டேன். இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"ஊசி ஒன்றும் வலிக்கவில்லை. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது."

மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள், அதனால் வலித்திருக்காது. ஆனால் உள்ளே போகும் முன் இவர் பிடித்த பிடியில் என் விரல்கள் இன்னும் சிவந்திருக்கின்றன. இதை எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன்.

"காத்திருக்கும் இடத்தில் கருவேலங்குளத்துக்காரர்கள் இருவரையும் பார்த்தேன். தைரியம் சொன்னேன்."

உண்மை. ஒருவர் கண்ணில் ஊசியா என்று பயந்து எழுந்து வாசல் வரை போய்விட்டார். இவர் பின்னாலேயே போய், "அண்ணே, நான் இந்த மிஷினையே கட்டிக் காக்குறவன். எட்டு மாசம் பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கே போட்டாச்சு, வாங்க" என்று கூட்டிவந்தார். இதற்கு முன் இவர் ஒரு நோயாளியிடம் நின்று பேசி நான் பார்த்ததில்லை. கேட்டால் நான் கம்ப்யூட்டர் பக்கம் என்பார். அந்த அண்ணன் ஊசி போட்டு வெளியே வந்ததும் இவர் தோளைத் தட்டிவிட்டு, "பொய்யி சொல்லாதீங்க தம்பி இனிமே" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

மத்தியானம் இயக்குநர் போன் பண்ணினார். பதினொரு வேனுக்கும் சித்தாள்தான். கூட்டத்தில் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்களாம். யாரும் சிரிக்கவில்லையாம். ஒரு உறுப்பினர் மட்டும், நம் ஊழியர்கள் எல்லோரையும் முதலில் அந்த ஸ்டூலில் உட்கார வையுங்கள் என்றாராம். அடுத்த வாரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் படம். இயக்குநருக்குத்தான் முதலில்.

"அவர் ஜிலேபிப் பிரியர். பாவம்" என்கிறார் இவர். முகத்தில் பாவம் தெரியவில்லை.

புது வேன்களில் முதலாவது அடுத்த மாதம் தொண்டிப் பக்கம் போகிறது. கண்ணுக்கு டாக்டர் சரி என்றால் இவரே கூடப் போய்ச் சித்தாளை அமைத்துக் கொடுக்க வேண்டுமாம். ஒரு வாரம். லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், இவர் கடலோரமாகவே சுற்றுகிறார், நான் இன்னும் தொண்டிக் கடலைப் பார்த்ததில்லை.

"வேன்ல இடம் இருக்காது கலா. கேமரா, கம்ப்யூட்டர், பேட்டரின்னு ஏகப்பட்ட சாமான்."

சவேரியாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். முன் சீட்டில் தாராளமாக இடம் இருக்கிறதாம்.